கம்பெனி கேட்டும் பள்ளிக்கூட கேட்டும்: கஞ்சிக்கோடு, வாளையாறு, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப்பில் பயிற்சிப் பொறுப்பில் இருந்தவன். வேலையில் இருந்த காலத்திலேயே எங்கள் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றபிறகு அதுவே முழுநேர வேலையாகிவிட்டது. முதலாளிகள், ஹெட்மாஸ்டர்கள், பெற்றோர் என எல்லோரும் ஃபோனில் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எழுதிவைத்தால் தொண்டைத் தண்ணீராவது மிச்சமாகும். இந்த ஊர்களெல்லாம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருப்பவை.

கே: சமூக ஏற்றம், சமூக ஏற்றம்னு பேசுறீங்களே, அது என்னங்க?

அப்பா பேட்டையில் லோடு ஏற்றுகிறார். மகனுக்கு விருப்பமும் மூளையும் இருந்தால், அதே பேட்டையில் வேறு நாற்காலியில் உட்கார முடிகிறதா? அதுதான் விஷயம். பிறந்த வீடு பிள்ளையின் வருமானத்தை எவ்வளவு தூரம் முன்கூட்டியே எழுதிவிடுகிறது என்பதை அளக்கும் கணக்கு என்றும் சொல்லலாம்.

நம் நாட்டில் அது ரொம்பவே எழுதிவிடுகிறது. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. அமைப்பு 2018இல் ஒரு கணக்குப் போட்டது. வருமானத்தில் கடைசிப் பத்து சதவீதத்தில் இருக்கும் ஒரு குடும்பம் நாட்டின் சராசரி வருமானத்தைத் தொட எத்தனை தலைமுறை ஆகும்? டென்மார்க்கில் 2. அந்த அமைப்பிலுள்ள நாடுகளின் சராசரி நாலரை. இந்தியாவில் 7. உலகப் பொருளாதார மன்றம் 2020இல் 82 நாடுகளை வரிசைப்படுத்தியபோது நமக்குக் கிடைத்தது 76ஆம் இடம். 'ஏழு தலைமுறைக்குச் சொத்து சேர்த்துட்டான்' என்று ஊரில் ஒருத்தரைப் பற்றிப் பேசுவோமே, இங்கே சொத்தே இல்லாதவன் ஏழு தலைமுறை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

கே: படிக்க வைக்கிறது பள்ளிக்கூடத்து வேலை. அதில் கம்பெனிக்கு என்ன?

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் துண்டுக் காகிதம் கொடுத்து, 'கஞ்சிக்கோட்டில் என்னென்ன வேலை இருக்கு, தெரிஞ்சதை எழுதுங்க' என்றேன். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் அப்பாவோ மாமாவோ சித்தியோ பேட்டைக்குப் போகிறவர்கள். சிலர் வீட்டில் இரண்டு தலைமுறையாக. வந்த பதில்: லோடிங், கிளீனிங், செக்யூரிட்டி, டிரைவர், வெல்டிங், கேன்டீன். ஒரு பிள்ளை 'ஆபீஸ்' என்று எழுதி, அதற்குக் கீழே 'ஏசி இருக்கும்' என்று சேர்த்திருந்தாள். அவ்வளவுதான். தர ஆய்வாளர், ஸ்டோர்ஸ், டிசைன், லேப் கெமிஸ்ட், பிளானிங், பர்ச்சேஸ், மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன், கம்ப்யூட்டரில் ஓடும் மெஷினுக்குக் கட்டளை எழுதுகிற சி.என்.சி. புரோகிராமர் எதுவுமே இல்லை. பேட்டை வீட்டு வாசலிலேயே இருந்தும், அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது கேட்டுக்கு வெளியே தெரிகிற வேலைகள் மட்டும். இருக்கிறதென்றே தெரியாத வேலைக்கு யாரும் ஆசைப்பட முடியாது.

அந்தத் துண்டுக் காகிதத்தை நிரப்பப் பள்ளியால் முடியாது. டீச்சருக்கும் அந்த வேலைகள் தெரியாது. அது தெரிந்தவர்கள் கம்பெனிக்குள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, ஆள் அறிமுகம். 'தெரிஞ்சவங்க இருந்தா உள்ளே போயிரலாம்' என்று நாம் அலுத்துக்கொள்வதை அமெரிக்காவில் மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். அறிமுகத்தின் மூலம் வேலை பெற்றவர்களிடம் விசாரித்தபோது, நெருங்கிப் பழகியவர் வழியாகப் பெற்றவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் எப்போதாவது பார்க்கிற, பெயர் மட்டும் தெரிந்த ஆட்கள் மூலமாகப் பெற்றவர்கள். ஏழை வீட்டுக்கு நெருங்கிய உறவு நிறைய உண்டு. எப்போதாவது பார்க்கிற என்ஜினியர்தான் கிடையாது. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியின் குழு 2022இல் 7 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் ஃபேஸ்புக் நட்புகளை வைத்துச் சொன்னதும் இதை ஒட்டியதுதான்: வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிற அளவுக்கு வசதியானவர்களின் நட்பு ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கிற ஊராக இருந்தால், வளர்ந்தபின் அவர்கள் வருமானம் சராசரியாக 20 சதவீதம் கூடும்.

கே: எங்க கம்பெனி வருஷா வருஷம் நோட்டும் பையும் கொடுக்குது. அது போதாதா?

கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜூன் மாதச் செலவு என்னவென்று தாய்மாருக்குத் தெரியும். ஆனால் பேனரைக் கட்டி, ஃபோட்டோ எடுத்து, லட்டு கொடுத்துவிட்டுக் கார் திரும்பும்போது பிள்ளைக்கு உங்கள் கம்பெனியில் என்ன தயாராகிறது என்பதாவது தெரிந்திருக்கிறதா? பையில் அச்சடித்த லோகோ மட்டும்தான் தெரியும்.

கே: அப்போ என்னதான் செய்யச் சொல்றீங்க?

அதே பிள்ளைகளை, அதே முகங்கள், பல தடவை பார்க்க வேண்டும். சாரம் அவ்வளவுதான். ஒரு தடவை வந்துபோவது திருவிழா பார்த்த கணக்கு.

பிரிட்டனில் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். 2011இல் 19 முதல் 24 வயதுக்காரர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பள்ளிக்காலத்தில் நான்கு தடவையோ அதற்கு மேலோ வேலை தருபவர்களோடு தொடர்பு இருந்ததாகச் சொன்னவர்கள், அப்படி எதுவும் இல்லாதவர்களைவிடச் சராசரியாக 16 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். படிப்பும் வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. ஞாபகத்தை வைத்துச் சொன்ன பதில்தான், காரணம் இதுவேதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எண்ணிக்கை முக்கியம் என்பது தெரிகிறது. 2014இல் கேட்ஸ்பி அறக்கட்டளை அங்கே பள்ளிகளுக்கு எட்டு அளவுகோல் வகுத்தபோது, 11 வயதிலிருந்து வருடத்துக்கு ஒரு முறையாவது வேலை தருபவரை மாணவர் சந்திக்க வேண்டும் என்பதை அதில் சேர்த்தார்கள். வேலையிடத்தைப் போய்ப் பார்ப்பது தனி அளவுகோல்.

நாங்கள் செய்து பார்த்த வரிசை இது. எட்டாம் வகுப்பில் கம்பெனியிலிருந்து ஒருவர் பள்ளிக்கு வருவார். எம்.டி. வேண்டாம். எம்.டி. வந்தால் ஸ்டேஜ் போட வேண்டும், ஹெட்மாஸ்டர் பொன்னாடை தேடுவார், பிள்ளைகள் கைதட்டுவார்கள், பேச்சு முடிந்துவிடும். அதே பள்ளியில் படித்த ஓர் ஆபரேட்டர் வரட்டும். 'நான் இந்த பெஞ்சுலதான் உட்கார்ந்தேன், கணக்குல ரெண்டு தடவை ஃபெயில்' என்று அவர் தொடங்கினால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் கம்பெனிக்குப் போவார்கள். ஐம்பது பேரை வரிசையாக நடத்திக் காட்டினால் அது பொருட்காட்சி. பன்னிரண்டு பேர் போதும், ஆளுக்கு ஒரு கருவி கையில் வர வேண்டும். அப்படி ஒருநாள் ஒரு பெண் பிள்ளையிடம் நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் காலிப்பரையும் புஷ் என்கிற ஒரு சின்ன உலோகக் குழலையும் கொடுத்தோம். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மூன்று தடவை அளந்தாள். 'சார், 24.98 வருது. டிராயிங்ல 25னு போட்டிருக்கு. இது தப்பான பீஸா?'

ஆபரேட்டர் சிரித்தார். 'இல்லை கண்ணு, 0.05 கூடக் குறைய இருந்தா விட்டுரலாம்.'

அவள் விடவில்லை. 'அந்த 0.05ஐ யாரு சார் முடிவு பண்றாங்க?'

அவளை டிசைன் அறைக்குக் கூட்டிப்போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் என்ஜினியரைக் காட்டினோம். 'இந்தக்கா முடிவு பண்றாங்க.' அன்றைக்கு வேறு எதுவும் நடக்கவில்லை என்றாலும் எனக்குப் போதும். துண்டுக் காகிதத்தில் இல்லாத ஒரு வேலை அவள் கண்ணுக்கு முன்னால் சுடிதார் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பிளஸ் ஒன்னில் விண்ணப்பம் எழுதுவதும் நேர்முகப் பயிற்சியும். ஒரு பையன் உள்ளே வந்து கடைசிவரை நின்றுகொண்டே பதில் சொன்னான். ஏன் உட்காரவில்லை என்று பிறகு கேட்டால், 'உட்காருன்னு யாரும் சொல்லலீங்க சார்.' வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவையில்லை. பிளஸ் டூ முடிந்ததும் அப்ரண்டிஸ் (உதவித்தொகையோடு வேலை பழகுவது), அல்லது டிப்ளமோ, அல்லது கல்லூரி. எதுவானாலும் அந்தப் பிள்ளை ஃபோன் செய்து கேட்கக் கம்பெனிக்குள் பெயர் தெரிந்த ஒருவர் இருக்கிறார்.

கே: ஹெட்மாஸ்டராக எனக்குப் பயம் பாதுகாப்புதான். என்ன ஏற்பாடு வேண்டும்?

பெற்றோர் கையெழுத்து, பி.டி.ஏ. தீர்மானம், கூட ஒரு டீச்சராவது பெண். செருப்போடு வருகிற பிள்ளைகளுக்கு ஷூவைக் கம்பெனி ஏற்பாடு செய்ய வேண்டும், கண்ணாடியும் ஹெல்மெட்டும் அப்படியே. ஃபர்னஸ் பக்கமும் கிரேன் ஓடுகிற பக்கமும் போக வேண்டாம். பெரியவர் யாரும் பிள்ளையின் ஃபோன் நம்பரை வாங்கக் கூடாது, பேச வேண்டியது டீச்சர் மூலமாக. மேல்நிலைப் பள்ளியாக இருந்தால் கேரியர் கைடன்ஸ் செல்லுக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவரிடம் கொடுத்துவிட்டால் ஹெட்மாஸ்டரின் பாதித் தலைவலி போகும்.

கே: பதினெட்டு ஆகாத பிள்ளைகளை உள்ளே விட்டால் குழந்தைத் தொழிலாளர் கேஸ் வருமா?

சுற்றிப் பார்ப்பதும் அளந்து பார்ப்பதும் வேலை ஆகாது. உற்பத்தியில் கை வைக்கச் சொன்னால்தான் ஆகும். 1986ஆம் வருடச் சட்டத்தை 2016இல் திருத்திய பிறகு, 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது மாதிரிச் சில விலக்குகள் மட்டும் உண்டு. 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைகளுக்குத் தடை. இரும்பு உருக்குவது, வார்ப்பு, சிமெண்ட், ரசாயனம் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும், நம் பேட்டையில் அவை நிறையவே உண்டு. அங்கேயெல்லாம் அப்ரண்டிஸ் என்றாலும் 18 முடிந்திருக்க வேண்டும்.

கே: அப்ரண்டிஸ் பற்றி விளக்கமாகச் சொல்லுங்கள். எங்களுக்குக் கட்டாயமா?

1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டம் மத்திய அரசுச் சட்டம். 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்துக்குக் கட்டாயம். மொத்த ஆட்களில் இரண்டரை சதவீதம் முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும், கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்துத்தான் கணக்கு. 4 முதல் 29 பேர் வரை உள்ள பட்டறைக்கு விருப்பம். 2019ஆம் வருட விதிப்படி மாத உதவித்தொகை குறைந்தபட்சம் பத்தாவது முடித்தவருக்கு 6,000, பன்னிரண்டாவதுக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டத்துக்கு 9,000 ரூபாய். இதை உயர்த்தும் பரிந்துரையும் வந்திருக்கிறது, ஒப்பந்தம் போடும் அன்று அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் காட்டுகிற தொகையைப் பாருங்கள். 2016இல் தொடங்கிய தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. பதினெட்டு ஆகாதவர் என்றால் ஒப்பந்தத்தில் பெற்றவரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும்.

இதெல்லாம் எளிது. எங்கே மாட்டிக்கொள்கிறோம் தெரியுமா? பெயரில். தமிழ்ப் பிள்ளைக்கு இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் முன்னால், பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக. மலையாளத்தில் எழுதியதை ஒருவர் ஆங்கிலத்துக்கு மாற்றும்போது 'ழ' ஒருமாதிரி, தமிழிலிருந்து மாற்றும்போது வேறுமாதிரி. ஒரு பையனுக்கு நான்கு காகிதத்தில் நான்கு பெயர். போர்ட்டல் ஏற்கவில்லை. அக்ஷயா சென்டருக்கு (கேரள அரசின் இ-சேவை மையம்) ஐந்து நடை, பேங்குக்கு இரண்டு நடை, அப்பாவுக்கு மூன்று நாள் கூலி போச்சு. ஆறாவது நடைக்கு முன்னால், 'விடுங்க சார், நான் பெயிண்டிங்குக்கே போயிக்கிறேன்' என்றான்.

அதற்குப் பிறகு ஒன்பதாம் வகுப்பிலேயே காகிதம் சரிபார்க்கும் நாள் ஒன்று வைக்கிறோம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அச்சாவதற்கு முன்னால் ஆதாரும் பள்ளிப் பதிவேடும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. கம்பெனி செய்ய வேண்டியது என்ன? இந்த வேலை கைவந்த ஹெச்.ஆர். கிளார்க் ஒருவரை அரைநாள் அனுப்புவது. கணினி லேப் கட்டித் தருவதைவிட இந்த அரைநாள் அதிகம் உதவும் என்பது என் அபிப்பிராயம். லேப் கட்டியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: நாங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், கோயம்புத்தூரில் ஃபவுண்டரி (வார்ப்பு ஆலை) வைத்திருக்கிறோம். கேரளப் பிள்ளைகளை எடுக்கலாமா?

தாராளமாக. அப்ரண்டிஸ் சட்டத்துக்கு வாளையாறு செக்போஸ்ட் கிடையாது. வேலந்தாவளத்துப் பிள்ளைக்கு கோயம்புத்தூர்தான் பக்கத்து ஊர். சாமான் வாங்குவதும் ஆஸ்பத்திரியும் சினிமாவும் அங்கேதான். ஃபவுண்டரி என்பதால் 18 முடிந்தவர்களாகப் பாருங்கள்.

ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லைப் பிள்ளை இரண்டு சர்க்கார் திட்டத்துக்கும் நடுவில் விழுகிற பிள்ளை. தமிழ்நாட்டில் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது, கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில், அல்லது அங்கே அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியத்தில், படித்திருக்க வேண்டும். எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கேரள அரசுப் பள்ளியில், தமிழிலேயே படித்துவிட்டு கோயம்புத்தூர் கல்லூரியில் சேர்கிற பெண்ணுக்கு அது இல்லை. அவள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்கு உண்டு. யாரையும் குறை சொல்லவில்லை, ஒரு மாநிலம் தன் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திட்டம் போடுவது நியாயம்தான். கோயம்புத்தூர் கம்பெனிகள் கல்லூரி உதவித்தொகை ஏதாவது வைத்திருந்தால், விண்ணப்பத்தில் இருக்கும் 'தமிழ்நாட்டு அரசுப் பள்ளி' என்ற வரியை மட்டும் 'அரசுப் பள்ளி' என்று மாற்றினால் போதும். கூடுதலாக ஒரு பைசா செலவில்லை.

கே: தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு மலையாளம் சரியாக வராதே. கம்பெனியில் எப்படிச் சமாளிப்பார்கள்?

பேச வரும். சந்தையிலும் பஸ்ஸிலும் டி.வி.யிலும் கேட்டு வளர்ந்தவர்கள். எழுதத்தான் தடுமாறுவார்கள். நியாயமாகக் கேளுங்கள்: அந்த வேலைக்கு மலையாளம் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமா? ஷாப் ஃபுளோரில் டிராயிங் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஷிப்ட் புக்கும் ஆங்கிலத்தில், கூட வேலை செய்கிறவர் ஒடிசாக்காரர். தேர்வுத்தாள் மட்டும் ஏன் மலையாளத்தில்? மொழியால் தள்ளப்படுகிற பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த ஒரு தாளில்தான் தள்ளப்படுகிறார்கள்.

கே: பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

அனுப்பாததற்குக் காரணம் எப்போதும் கட்டுப்பெட்டித்தனம் இல்லை. ஒரு அம்மாவிடம் போய் ஒரு மணி நேரம் பேசினேன், படிப்பு, எதிர்காலம், சொந்தக் கால் என்றெல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: 'சாரு சொல்றதெல்லாம் சரிங்க. ஷிப்ட் முடிஞ்சு எட்டரைக்கு விடுவாங்களாமா, கடைசி பஸ்ஸு எட்டு மணிக்குங்க.' என்னிடம் பதில் இல்லை. அவர் கணக்கு என் கணக்கைவிடத் துல்லியமாக இருந்தது.

அந்தக் கம்பெனியில் ஷிப்டை அரை மணி முன்னால் தள்ள முடியாது என்றார்கள். கடைசியில் பயிற்சிக்கு வருகிற பெண்களுக்கு மட்டும் பொது ஷிப்ட், காலை எட்டரை முதல் ஐந்து வரை, என்று வைத்தார்கள். நான்கு பேர் வந்தார்கள். இன்னொரு விஷயமும் உதவியது: பிள்ளைகளைக் கூட்டிப்போவதற்கு முன்னால் அம்மாக்களைக் கூட்டிப்போனோம். மெஷினை யாரும் பார்க்கவில்லை. கழிப்பறையைப் பார்த்தார்கள், கேன்டீனைப் பார்த்தார்கள், கேட்டில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்கள், அங்கே வேலை செய்கிற பெண்களிடம் தனியாக ஏதோ பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

கே: நாங்கள் எட்டுப் பேர் வேலை செய்கிற லேத் பட்டறை. எங்களால் என்ன முடியும்?

பெரிய கம்பெனியைவிட உங்களால் ஒன்று நன்றாக முடியும்: பிள்ளை உங்களிடமே நேரடியாகப் பேசலாம். கேட் பாஸ் இல்லை, ஹெச்.ஆர். இல்லை. வருடத்துக்கு நான்கு பிள்ளைகள், இரண்டு சனிக்கிழமை. கொட்டேஷன் எப்படிப் போடுகிறீர்கள், ஜி.எஸ்.டி. எப்படிக் கட்டுகிறீர்கள், பேங்க் லோன் எப்படி வாங்கினீர்கள் என்று காட்டுங்கள். பட்டறை முதலாளி ஆவதும் ஏற்றம்தானே.

கே: இதற்குச் செய்யும் செலவை சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனியின் சமூகப் பொறுப்புச் செலவு, கணக்கில் காட்டலாமா?

கல்வியும் வேலைத்திறன் பயிற்சியும் கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கின்றன, காட்டலாம். நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய், அல்லது அதற்கு மேல் உள்ள கம்பெனிகளுக்குத்தான் அந்தக் கடமை, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம். உங்கள் ஊழியருக்கென்று மட்டும் செய்வது சேராது. மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கே: ஒளிக்காமல் சொல்லுங்கள். இது மலிவான ஆள் பிடிக்கும் ஏற்பாடுதானே?

இந்தக் கேள்வியை ஒரு சங்கத் தோழர் கூட்டத்தில் எழுந்து கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. எங்கள் பக்கத்தில் கம்பெனி என்றால் சந்தேகம் வருவது இயல்பு. சித்தூர் தாலுகாவில் இருக்கும் பிளாச்சிமடையில் கொக்கோ கோலா ஆலைக்கு எதிராக ஆதிவாசி மக்கள் தண்ணீருக்காகப் போராடி, 2004இல் அது நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

என் பதில்: ஆம், அப்படி ஆகிவிட முடியும். பள்ளியில் வந்து நல்ல பேச்சுப் பேசி, பிளஸ் டூ முடித்த பிள்ளையை ஒரு வருடம் அப்ரண்டிஸ் என்று வைத்து, பாக்கிங்கில் நிறுத்தி, வருடம் முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த பேட்ச் எடுக்கிற இடம் உண்டு. பிள்ளை அப்பாவின் வேலைக்கே யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போயிருக்கிறான், அதில் ஏற்றம் எங்கே? அதனால் கம்பெனியைப் பள்ளிக்குள் விடுவதற்கு முன்னால் நான் இரண்டு விஷயம் கேட்பேன். மூன்று வருடத்துக்கு முன்னால் கடைநிலையில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இப்போது ஒரு படி மேலே இருக்கிறார்கள்? அப்ரண்டிஸ் முடித்தவர்களை வேலைக்கு எடுப்பதில் உங்கள் கொள்கை என்ன, எழுத்தில் காட்டுங்கள். இரண்டாவது நான் அதிகப்பிரசங்கித்தனமாகக் கேட்பது அல்ல. முடித்தவர்களைக் கட்டாயம் வேலைக்கு எடுக்க வேண்டியதில்லை என்றாலும், அது பற்றி ஒரு கொள்கை வகுத்தாக வேண்டும் என்று 2014 திருத்தத்துக்குப் பிறகு சட்டமே சொல்கிறது. நிறைய ஹெச்.ஆர். மேனேஜர்கள் அந்த இடத்தில்தான் தண்ணீர் குடிக்கிறார்கள்.

இன்னொன்று. பள்ளிக்கு வந்து பேசுவது கம்பெனிக்குச் சுலபம், தன் சொந்த ஆளெடுப்பை மாற்றுவதுதான் கஷ்டம். சூப்பர்வைசர் வேலை காலியானால் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறீர்களா, இல்லை மேனேஜரின் அண்ணன் மகன் வருகிறானா? டிப்ளமோ தேவைப்படாத இடத்தில் டிப்ளமோ கேட்கிறீர்களா? ஆபரேட்டராக வந்தவர் பார்ட் டைமில் டிப்ளமோ படிக்க ஷிப்ட் மாற்றிக் கொடுப்பீர்களா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் பள்ளிக்கு வராவிட்டாலும் பரவாயில்லை என்பேன்.

கே: பாலக்காட்டில் வரப்போகிற ஸ்மார்ட் சிட்டியால் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா?

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 12 தொழில் நகரங்களில் பாலக்காடு ஒன்று. 1,710 ஏக்கர், மதிப்பீடு 3,806 கோடி ரூபாய். நிலம் எங்களுடையது, தூசி எங்களுடையது, வேலையும் எங்களுடையதாகுமா என்பது இன்றைக்கு எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இப்போது என்ன காட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. 1970களில் இந்திய டெலிஃபோன் தொழிற்சாலையும் இன்ஸ்ட்ருமென்டேஷன் கம்பெனியும் இங்கே வந்தன. 2015இல் ஐ.ஐ.டி.யும் வந்தது. உள்ளூர் பிள்ளைகள் உள்ளே போன கதைகளும் உண்டு, மதில் கட்ட மட்டும் போன கதைகளும் உண்டு.

கே: எந்த மாதம் தொடங்குவது?

ஜூனில் பள்ளி திறந்த கையோடு ஹெட்மாஸ்டரைப் பாருங்கள், ஜூலையில் முதல் வகுப்பு. ஓணப் பரீட்சை சமயம் போக வேண்டாம். ஜனவரிக்குப் பிறகு பத்தாம் வகுப்பை யாரும் தொட விடமாட்டார்கள்.

கே: பள்ளி மூலமாக எடுத்த பையன் மூன்றாம் மாதமே நின்றுவிட்டான். இவர்களுக்கு அக்கறை இல்லை. என்ன சொல்கிறீர்கள்?

என்னிடம் ஒரு மேனேஜர் இப்படித்தான் ஃபோனில் கொதித்தார். நல்ல பையன், கை சுத்தம், திடீரென்று வரவில்லை, ஃபோனும் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான், கண்ணைப் பார்க்கவில்லை. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. ஊர் மாரியம்மன் நோம்பிக்கு மூன்று நாள் லீவு எடுத்திருக்கிறான். லீவு லெட்டர் என்று ஒன்று கொடுக்க வேண்டும் என்பது தெரியாது. அவன் அப்பாவுக்குத் தினக்கூலி. போகாத நாளுக்குக் காசு இல்லை, அவ்வளவுதான், யாருக்கும் லெட்டர் கொடுத்ததே இல்லை. நான்காம் நாள் கேட் வரைக்கும் போயிருக்கிறான். 'உன்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்க போலிருக்கு' என்று செக்யூரிட்டி விளையாட்டுக்குச் சொன்னதை நம்பித் திரும்பிவிட்டான்.

அங்கே இருந்தபடியே சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டேன். 'அய்யே, அவனை நான் தேடிட்டிருக்கேன் சார், திங்கட்கிழமை வரச் சொல்லுங்க' என்றார். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். அம்மா உள்ளே போய் யூனிஃபார்ம் சட்டையை எடுத்து வந்து வாளியில் நனைத்தார்.